எலும்பு கிளை விடாது

இஞ்ச கேளுங்க, மகள்ட வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இனிப் பழகி என்ன செய்ய? நீங்கள் மௌத்தான பிறகு நடந்ததை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுத்தில் போடுகிறேன்.

அந்தக் கல்லுகளைப் பார்க்க ஆள் வந்தது. கொழும்பில் மண்ணும் கல்லும் படிப்பிக்கிற ஒரு சிங்களப் பிள்ளை. நம் மகளின் வயதுதான் இருக்கும்.

கச்சான் காற்றுக் காலத்தில் கடல் அரித்து, வீட்டுக்கு முன்னால் இருக்கிற மணல்மேடு ஒரு பக்கம் இடிந்ததே, அப்போது உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்ததை முதலில் பிடுங்கி எடுத்தவர் நீங்கள். ஹோட்டல் கட்ட வந்தவர்கள் மேட்டை மட்டமாக்கப் மண் அள்ளுகிற பெக்கோவை இறக்கிய வாரம் அது. அந்த மேடு போனால் கடலுக்கும் நம் மாம்புரி ஊர் வீடுகளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. யார் யாரிடமோ போய்ச் சொன்னோம். ஒருவரும் காதில் போடவில்லை.

நீங்கள் அவற்றை நம் இறைச்சிக்கடையில் வெட்டுகிற மரக்குத்தியில் அடுக்கி வைத்தீர்கள். ஆதிகாலத்து மிருகத்தின் கால் எலும்பு, கல்லாகிப் போயிருக்கிறது என்றீர்கள். நடுவில் உள்ள ஓட்டையைக் காட்டி நல்லி இருந்த இடம் என்றீர்கள். நாக்கில் வைத்து, பார், ஒட்டுகிறது என்றீர்கள். தேசிக்காய்ப் புளி பிழிய அது நுரைத்தது. சந்தேகப்பட்டவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு.

“தாடி வெளுக்கிற வரைக்கும் மாடு வெட்டினவன் நான். எனக்கா எலும்பு தெரியாது?”

அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் பள்ளிவாசல் நிருவாகத்தார் அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதினார்கள். படித்தவர்கள் வந்து பார்க்கும் வரை மேட்டில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெக்கோ நின்றது. அந்தச் சந்தோசம் அடங்க முன்னமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் சாய்ந்துவிட்டீர்கள்.

கல்லைக் கையில் எடுத்ததும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. இது எலும்பில்லை, வேர் இருந்த இடம் என்றது. மணலோடு சிப்பிப் பொடி கலந்து கிடக்கிறதல்லவா, மழைத் தண்ணீரில் அதன் சுண்ணாம்பு கரைந்து, மரத்து வேரைச் சுற்றிப் பிடித்து இறுகுமாம். வேர் உக்கிப் போக, குழாய் மட்டும் மிஞ்சுமாம். தேசிக்காய்க்கு நுரைத்தது அந்தச் சுண்ணாம்புதான். நுண்ணிய ஓட்டையுள்ள எந்தக் கல்லும் நாக்கில் ஒட்டுமாம். கால் எலும்பென்றால் முனை பருத்து மூட்டு இருக்க வேண்டும், அந்த முனையின் உள்பக்கம் பாண் ரொட்டித் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும் என்றது. பிறகு மேட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி எடுத்தது. அது இரண்டாகப் பிரிந்து, இரண்டும் மெலிந்து மெலிந்து போனது.

“எலும்பு கிளை விடாது, அம்மா,” என்றது, தனக்குத் தெரிந்த தமிழில்.

அப்படியென்றால் நீங்கள் கொண்டுவந்ததில் கிளை எங்கே? பிள்ளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டியது. எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஒரு வெட்டு. யாரோ கிளையைத் தறித்திருக்கிறார்கள் என்றது. எனக்கு யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சாய்த்துப் போட்ட ஒரே போடு, பிசிறே இல்லை. அந்தக் கைவெட்டு இறைச்சியைத்தானே கலியாணம் முடித்த நாளிலிருந்து சமைத்தேன். நீங்கள் விட்டுப்போன கத்தியின் வாய் ஏன் அப்படி மடிந்து கிடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

என்னிடம்கூடச் சொல்லவில்லையே! சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? இருந்திருக்கமாட்டேன்தான். எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்? இன்னுமொரு கச்சானைத் தாண்டினால் போதும் என்றா?

வெட்டைப் பற்றிப் பிள்ளை யாரிடமும் கதைக்கவில்லை. வேர் என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. பெக்கோ திரும்பி வந்துவிட்டது, பாதி மேடு போய்விட்டது. முன்பு சத்தம் மட்டும் கேட்ட கடல் இப்போது குசினி ஜன்னலில் தெரிகிறது. அடுத்த கச்சானுக்கு இந்த வீடு நிற்காது. மகள் புத்தளத்துக்கு வரச் சொல்கிறாள். போகத்தான் வேண்டும். வேறு வழி இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னார், வேருக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனிடமா இவ்வளவு காலம் இறைச்சி வாங்கினோம் என்று. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வீடு போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இதை என்னால் தாங்க முடியவில்லை, மகள்ட வாப்பா.

அதனால்தான் எல்லாவற்றையும் வெளியில் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன பொய்க்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தினமும் துஆ செய்வேன். பொய்க்காரர் என்று ஊர் சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் எலும்பு தெரியாதவர் என்று இனி ஒருவர் சொன்னாலும், எங்கே இருந்தாலும் எழும்பி நின்று கேட்பேன்: தெரியாத மனுசனுக்கு எதைத் தறித்து எறிய வேண்டுமென்று எப்படித் தெரிந்தது?

இப்படிக்கு,
உங்கட மகள்ட உம்மா