லேப்டாப்பும் அப்பாவின் வீடியோவும்

ஜெயகரா,

"என் லேப்டாப்புல இன்னாம்மா பண்ண? எல்லா ஃபைலும் கெட்டுப்போச்சு!" என்று காலையில் நீ போட்ட சத்தம் எதிர்வீட்டு வெங்கடம்மா வரை கேட்டது. வந்து விசாரித்தும் போனாள். நான் தொடவில்லை. லேப்டாப்பை ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன். ரேம் என்கிற மெமரி கெட்டதால்தான் அடிக்கடி நின்றுபோகிறதாம். நின்றபோதெல்லாம், பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா சாகுமுன் எடுத்த கடைசி வீடியோவை நீ இடம் மாற்றி மாற்றி வைத்தாயே, மாற்றும்போதுதான் அது சிதைந்ததாம். இனித் திறக்காது.

நான் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். குழம்பைச் சூடாக்கிக்கொள். சாப்பிட்ட பிறகு கீழே எழுதியிருப்பதைப் படி.

அம்மா

நீ விரும்பிய மமதாவிடம் அந்த வீடியோவின் ஒரு காப்பி இருந்ததே என்று போன் செய்தேன். ஏன் பிரிந்தீர்கள் என்றும் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். கல்யாணமாகி ஓசூர் போகுமுன் நீ அனுப்பியதையெல்லாம் அழித்துவிட்டாளாம். அதோடு அப்பாவும் போய்விட்டார்.