அப்பாவின் தாடைக்கு நாளை இரண்டு திருகாணிகள்

என் அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. நீ இருக்கும் இடத்தில் தாத்தா இருப்பார், சங்கரி சித்தியும் இருப்பாள். அவர்கள் கேட்டாலும் கொடுக்காதே. சித்தி கையில் கிடைத்தால் உரக்கப் படித்துவிடுவாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நாளைக் காலையில் அப்பாவுக்கு ஆபரேஷன். பயப்படாதே, பல்லுக்குத்தான். சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். உனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நீ என் பின்னலை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "சாயங்காலம் பேசலாம்ட்டி" என்று உள்ளே போனாய்.

அதன் பிறகு இந்த வீட்டில் பேச்சே இல்லை, அம்மா. அப்பாவின் பல்செட் உனக்குத் தெரியும். மேல்செட் ஒட்டிக்கொள்ளும், கீழ்செட்தான் நிற்காது. ஈறு புண்ணாகிவிடுவதால் கடையிலிருந்து வந்ததும் இரண்டையும் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். நீ இருந்தபோது பல் இல்லாமலும் பேசுவார். நீ சிரிப்பாய், அவரும் சிரிப்பார். என் முன்னால் அவருக்கு வெட்கமாக இருக்கிறது. தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். சோறு வேண்டுமென்றால் தட்டை லேசாக நகர்த்துவார். போதுமென்றால் கையைக் குறுக்கே நீட்டுவார்.

பள்ளியில் நாள் முழுதும் மலையாளம். வீட்டில் ஒன்றுமில்லை. இப்போது கனவும் மலையாளத்தில் வருகிறது. ஒரு நாள் நீ கனவில் வந்தால் உன்னோடு எப்படிப் பேசுவேன்?

தாடையில் ஆணி வைக்கும் யோசனையைக் கொண்டுவந்தது மாடசாமி மாமாதான். ஆரியசாலையில் அப்பாவின் கடையில் மூட்டை இறக்குவாரே, அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லிச் சிரித்தார். லாரியிலிருந்து மிளகாய் வற்றல் மூட்டைகள் இறங்குகின்றன. அப்பா வழக்கம்போல ஒன்று என்று சொல்லாமல், "லாபம், ரெண்டு, மூணு" என்று தொண்டை கிழியக் கூவி எண்ணுகிறார். திடீரென்று கீழ்செட் துள்ளி, வாய் பிரிந்த வற்றல் மூட்டையில் போய் விழுந்துவிட்டது.

"நான் கேட்டேன், அண்ணாச்சி, இது எத்தனாவது உருப்படி, எண்ணிக்கையில சேக்கட்டான்னு. கடையே சிரிச்சுது. அண்ணாச்சி குனிஞ்சு தேடுனாரு. எடுத்துக் கழுவி மாட்டிக்கிட்டாரு. சாயங்காலம் வரை வாயி எரிஞ்சிருக்கும், பாவம்."

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர், எலும்பில் திருகாணி வைத்து, அதன்மேல் பல்செட்டை அசையாமல் மாட்டுகிறாராம். "அதொண்ணு பாக்கணும் அண்ணாச்சி. பின்ன நீங்க கூவினா பழவங்காடிக்குக் கேக்கும்" என்றார். அப்பா துவர்த்துக்குள்ளேயே தலையாட்டினார்.

போன வாரம் நானும் கூடப் போனேன். டாக்டர் பிளாஸ்டிக் தாடை ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் இரண்டு ஆணிகள் முளை மாதிரி நின்றன. எலும்பு அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும், அதற்குப் பிறகுதான் அவற்றின்மேல் கீழ்செட் உட்காரும் என்றார். சட்டைப் பொத்தானைப் போல 'டக்' என்று மாட்டிக் காட்டினார். அப்பா அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போது டாக்டர் கேட்டார்: "ஷுகர் உண்டோ?"

"இல்ல சாரே. டெஸ்ட் செய்து பாத்ததாணு" என்றார் அப்பா.

"உறப்பாணோ?" என்று டாக்டர் உறுதி கேட்டார். "ஷுகர் உள்ளவர்க்கு இது செய்யாறில்ல. புண் ஆறாது, எலும்பு பிடிக்காது. பழுத்தால் பெரிய ஆபத்து."

"உறப்பாணு சாரே" என்று அப்பா அடித்துச் சொன்னார்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது உனக்கும் எனக்கும் தெரியும். நீ காலையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக்குழாயில் நீலத் தண்ணீரோடு அப்பாவின் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்குவது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அது செங்கல் நிறமாக மாறினால் அன்று அப்பாவுக்குக் காப்பியில் சீனி கிடையாது. நீ போன பிறகு அந்த நீலத் தண்ணீர்க் குப்பியை யாரும் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். பல் மாட்டியிருந்ததால் வழியெல்லாம் பேசினார். எத்தனை நாளைக்குப் பிறகு, அம்மா. வண்டியில் போகிறவர்களைக் கேலி பண்ணினார். "இனி ராத்திரியும் பல்லு வாயிலதான். ஒங்கம்ம சுடுத மாதிரி முறுக்கு சுடு, பாப்போம், யாரு மொதல்ல தின்னு தீக்கான்னு" என்றார்.

"அப்பா, உங்களுக்குச் சர்க்கரை உண்டுல்லா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது போச்சுட்டி. நான் என்ன, டாக்டர்கிட்டயா பொய் சொல்லுவேன்? சிறுகுறிஞ்சான் பொடி தின்னுதேன்லா. ஆறு மாசமா குளியலறைல ஒண்ணுக்குப் போன எடத்தைப் பாக்கேன். ஒரு எறும்பு மொய்க்கல்ல. சர்க்கரை இருந்தா எறும்பு விடுமா?"

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். குளியலறையில் எறும்பு ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியாதா? நீ செய்ததுபோல, சனிக்கிழமைதோறும் மூலையெல்லாம் எறும்புப் பொடி தூவுகிறவள் நான்தானே. அது அவருக்குத் தெரியாது. அவர் கடையில் இருக்கும்போது தூவிவிட்டு, வெளியே தெரிவதை மட்டும் கழுவிவிடுவேன். அங்கே ஒரு மூட்டை சீனியைக் கொட்டினாலும் எறும்பு வராது.

ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரமாக மூடிக்கொண்டேதான் இருக்கிறேன். ஓணத்துக்கு முன்பு கோணி ஊசி குத்திய காயம் அவர் பாதத்தில் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. இன்று அதற்குக் கட்டு மாற்றும்போது அழுகல் நாற்றம் வந்தது. சொல்லிவிட்டால் டாக்டர் ஆணி வைக்கமாட்டார். அப்பா மறுபடியும் டம்ளரில் பல்லைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். என்னைத் திட்டக்கூட மாட்டார். சொல்லாவிட்டால்? சின்ன ஆபரேஷனுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்களா, அம்மா?

நான் அவர் பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். தினமும் விளக்கேற்றும்போது அதைத்தான் கேட்டேன். இப்போது அதையே வேண்டாம் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இருந்தால் இரண்டே வார்த்தையில் அவரிடம் சொல்லியிருப்பாய். அவரும் கேட்டிருப்பார். நான் சொன்னால் கேட்பாரா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்குப் பேசாத அப்பா போதும். வாயை மூடிக்கொண்டு, தட்டை நகர்த்திக்கொண்டு இருக்கட்டும். சர்க்கரை குறைந்து, டாக்டர் சரி என்றால், அப்போது ஆணி வைத்துக்கொள்ளட்டும். அதுவரை பல் இல்லாமல் பேசினாலும் எனக்குப் புரியும் என்று அவரிடம் சொல்வேன். புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன். வெட்கப்பட்டால் நானும் துவர்த்தால் வாயை மூடிக்கொண்டு பேசுவேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். விடிவதற்குள் அப்பாவிடம் எறும்புப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுவேன். அவர் கேட்காமல் கிளம்பினால், டாக்டர் முன்னால் நின்று சொல்வேன். மலையாளத்திலேயே சொல்வேன், தப்பாமல். அப்போது என் கையை நீ பிடித்துக்கொள்.

உன் ஒரே மகள்,
செண்பகம்

கதவைத் தட்டுகிறார். அப்பாதான். விளக்கை அணைக்காமல், இப்போதே சொல்லப் போகிறேன், அம்—