அதே மதில்

சவூதியின் யான்புவில், மதில் சூழ்ந்த கம்பெனிக் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை காலை சைக்கிளில் கிளம்பவிருந்த ரகுநாதன், தூங்கும் மனைவியை எழுப்ப மனமில்லாமல் சாப்பாட்டு மேஜையில் குனிந்து ஒரு தாளில் எழுதினான்.

"ஷியாமளா, மாவு பொங்கிடுச்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன். பத்து மணிக்கு ஏசிக்காரன் வருவான். நேத்து நான் கத்தினது தப்பு. கடல் காத்து பக்கவாட்டுல அடிச்சா அந்த ஒரு நிமிஷமும் போயிடுது."

முந்தின நாள், காற்றைக் கிழித்து ஓடும் புதுச் சக்கரங்களைச் சைக்கிளில் மாட்டி, மதிலை ஒட்டியே சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "ஒரு மணி நேரம் ஓட்டினா ஒரு நிமிஷம் மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னான்.

"சுத்தி வர்றது அதே மதில்தானே. ஒரு நிமிஷம் முந்தி எங்க போய்ச் சேருவீங்க?" என்றாள் அவள். "நீங்க ஜன்னலைத் தாண்டிப் போறதைப் பார்த்துக்கிட்டு நான் உள்ளேயே கிடக்கேன்." அதற்குத்தான் கத்தினான்.

அவள் கடைக்குப் போவதற்கே அவன் கார் ஓட்ட வேண்டும். தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றாலும், நாட்டை விட்டு வெளியேற அனுமதிக்கும் எக்ஸிட் விசாவை அவன்தான் ஆபீஸில் சொல்லி வாங்கித் தர வேண்டும். போனால் திரும்பி வரமாட்டாளோ என்று பயந்து, அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். இந்த மதிலுக்குள் தான் மட்டும் தனியாக அடைந்து கிடப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்: "ஆபீஸ் திறந்ததும் உன் விசாவுக்கு எழுதிக் கொடுத்துடறேன். தங்கச்சிக்கு இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடு. சீக்கிரம் திரும்பி வா."

ஒருமுறை படித்துப் பார்த்தான். 'சீக்கிரம்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கிளம்பினான்.