செவலை பின்வாங்கிய ஓரடி

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்றோடு ஆறு நாள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு உங்கள் போனுக்காகக் காத்திருந்தேன். எனக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டதா?

ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் உங்கள் நாய்க்குட்டி செவலையைத் திருச்சுழிக் காட்டுக்குக் கூட்டிப் போனோம். "கௌதாரியப் பிடிக்கவா போறோம் மச்சான்? இவன் மோந்து கண்டுபிடிச்சு நின்னாப் போதும்" என்பீர்கள். புதருக்குள் கௌதாரி இருந்தால் அவன் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் போய்க் கம்பால் புதரை உலுக்க வேண்டும். பறவை படபடவென்று கிளம்பியதும் அவனுக்கு ஒரு ரஸ்க். அந்த ரஸ்க்கில் பாதியைத் தின்றது நான்தான், அது உங்களுக்கும் தெரியும்.

கடைசியாகப் போன அந்த ஞாயிறு, வேலிக்கருவைப் புதர் முன்னால் நின்றவன், ஓரடி பின்வாங்கினான். கழுத்து மயிர் சிலிர்த்திருந்தது. நான் சிரித்தேன். "என்ன மாப்ள, உங்க வீரன் கௌதாரிக்கே பயந்து பதுங்குறான்? நீங்களே கையால உலுக்கிக் காட்டுங்க, பயம் தெளியட்டும்." கம்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து கையை விட்டீர்கள். உள்ளே கண்ணாடி விரியன் கிடந்தது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வரும் வரை என் முதுகில் சாய்ந்து பேசிக்கொண்டுதானே வந்தீர்கள்? மறுநாள் காலையில் நீங்கள் இல்லை. அதெப்படி?

வீட்டில் எல்லாரும் நாயைத்தான் சொன்னார்கள். என் தங்கை, உங்கள் செல்வி, அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள்: "அந்த நாய்தாண்ணே அவுகளப் பாம்புகிட்ட கொண்டுபோய் நிப்பாட்டிருச்சு. எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வா. என் கண்ணுல படக்கூடாது." நான் தலையை ஆட்டிவிட்டு அவனை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று காலை காரியாபட்டி தாண்டி ஒரு பொட்டல் காட்டில் இறக்கிவிட்டேன். வண்டியைத் திருப்பும்போது பார்க்கிறேன், ஆவாரஞ்செடி ஓரமாக நிற்கிறான். முன்னங்கால் மேலே, மூக்கு நேரே, ஒரு மயிர் சிலிர்க்கவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பி உங்களைத் தேடினான். நான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. கடைசியில் இரண்டு கௌதாரிகள் தாமாகவே பறந்து போயின.

வண்டியை அணைத்துவிட்டேன், மாப்பிள்ளை. கௌதாரிக்கு இப்படி நிற்பான் என்றால், அன்றைக்கு எதற்குப் பின்வாங்கினான்? வேண்டாம் என்றுதானே? ஆறு மாதம் நாம் சொன்னதையெல்லாம் அவன் கேட்டான். அவன் ஒரே ஒரு தடவை சொன்னான், நான் சிரித்தேன்.

அவனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலடியில் படுத்திருக்கிறான். வீட்டு வாசனை தெரிந்துவிட்டது போல, எழுந்து எழுந்து தெருவைப் பார்க்கிறான்.

எழுதி முடித்ததும் செல்வியிடம் போகிறேன். "நாய் மேல தப்பில்ல தாயி, உலுக்கச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை. அவனை உள்ளே விட்டால் போதும். நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

உங்களைக் குனியச் சொன்ன,
உங்கள் மச்சான்