ஊசி போடாத ஆட்டம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. உன் அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஆறு வருடமாக என் கடிதம் எதற்கும் நீ பதில் போட்டதில்லை. அம்மாவிடம் போனில் பேசுகிறாயே, அதுவே போதும் என்று இருந்துவிடுகிறேன். இதைப் பிரிப்பதும் பிரிக்காததும் உன் இஷ்டம்.

நம் கால்பந்து கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். பழைய கோச் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வேலைக்கு வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் தலைவர், அதே மரக்கடைக்காரர்தான், என் பட்டறைக்கே வந்து நின்றார். "சாயந்திரம் வேலை முடிஞ்சதும் வந்து பாத்துக்கப்பா. உனக்குத் தெரியாத கிளப்பா?" என்றார். ஐந்து வருடம் என்னை எதுவும் கேட்கக் கூடாது, அப்படியென்றால் வருகிறேன் என்றேன். ஒரு சீசனை ஒப்பேற்ற என்னால் முடியாது, அடியிலிருந்து கட்டவேண்டும் என்றேன். அவர் தலையாட்டியது சம்மதமா சலிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உடைமாற்றும் அறையைத் திறந்தபோது மனசு விட்டுப்போயிற்று. சட்டை மாட்டப் பதினெட்டு கொக்கிகள் இருந்த சுவரில் இப்போது நாலு இருக்கிறது. பெஞ்சுக்கு ஒரு காலாகச் செங்கல் வைத்திருக்கிறார்கள். அலமாரிக்குள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய உடைந்த ஊசி மருந்துக் குப்பிகள். வருடா வருடம் வெளியிலிருந்து ஓய்ந்துபோன ஆட்டக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, வலியை மரத்துப்போக வைத்து, மூச்சு இருக்கும்வரை ஓட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணி என்று பலகையில் மட்டும் இருக்கிறது. கேட்டால், போர்டு எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறாராம்.

வெளி ஆட்டக்காரர்கள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காயம்பட்டவன் டாக்டர் கையெழுத்து இல்லாமல் கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று கிளப் விதியிலேயே எழுதி வாங்கினேன். நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு தபால்காரன் நிற்கிறான். இருபத்து நாலு வயது. கழுத்து நீளம், அதனால் எல்லாருக்கும் அவன் ஒட்டகம். தலையால் முட்டும் பந்து ஒன்றையும் விடமாட்டான்.

குளிர் நாளில் உன் முட்டி இழுத்துப் பிடிக்கிறது என்று அம்மா சொன்னாள். முட்டி போன அந்த ஆட்டத்தன்று நீதான் ஆடியே தீருவேன் என்று நின்றாய். கேப்டனாக இருந்த நான் தடுத்திருக்க வேண்டும். அந்த மட்டுக்கும் தப்பு என் மேலும் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


அன்புத் தம்பிக்கு,

போன கடிதம் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை. நல்ல செய்தி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஆட்டம் ஆடி ஒன்பதில் தோற்றிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை ஏழு கோல் வாங்கினோம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பாவம், முரட்டு ஆட்களோடு மோதி மோதி விழுகிறார்கள். விழுந்து எழும்போது என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் கைதட்டுகிறேன். அதைத் தவிர கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

நம் மைதானத்தில் ஆடவும் முடியவில்லை. வடக்குக் கோல் பக்கம் முட்டளவு தண்ணீர் நிற்குமே, அதற்காகத் தோண்டிப் போட்டிருக்கிறோம். ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். ஆட்டக்காரர்களே கடப்பாரை பிடிக்கிறார்கள். புதுக் கோல் கம்பத்தை நானே பட்டறையில் பற்றவைத்தேன். அதுவரைக்கும் மற்றவர்கள் மைதானத்தில் இரவல் ஆட்டம். அங்கே கேட்டில் நிற்கிற ஆள், "உங்க ஆட்டத்துக்குக் கேட்டைப் பூட்ட வேண்டியதே இல்லீங்க, யாரு வரப்போறா?" என்று சிரிக்கிறான். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

நமக்கு ஜெர்சி தைக்கும் தையல்காரர் இனிமேல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கூலியைக் கூட்டிக் கேட்கிறாரோ என்று போய்ப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. "தோக்குறதுக்குன்னு தைக்கக் கை வரலப்பா" என்றார். இருபத்திரண்டு வருடம் தைத்த மனிதர்.

தலைவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன கமிட்டிக் கூட்டத்தில், "அஞ்சு வருஷம் கழிச்சு ஜெயிக்கணும்னா அஞ்சு வருஷத்துக்குக் கிளப்பு உசுரோட இருக்கணுமில்ல?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசி மூன்று ஆட்டத்தில் இரண்டு புள்ளியாவது எடுக்காவிட்டால் நாலாம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது.

பிள்ளைகள் அணி மட்டும் பரவாயில்லை. முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதிலும் ஒன்று, காணாமல்போன தன் பந்தைத் தேடி வந்தது. இப்போது பத்தொன்பது பேர், ஐந்து பேர் பெண்பிள்ளைகள். இவர்கள் பெரியவர்களாகும்போது நான் கிழவனாகிவிடுவேன். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். சந்தோஷம்.

அன்புடன்,
அண்ணன்


தம்பிக்கு,

சீசன் முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும் என்ற நிலைமைக்கு எப்படியோ வந்துவிட்டோம். அதற்கு மூன்று நாள் முன்னால் பயிற்சியில் ஒட்டகம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று மாதம் ஓடவே கூடாது என்றார். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

குழாய் வேலை முடிந்து ஆட்டம் நம் மைதானத்திலேயே நடந்தது. அன்று மூன்று மணிக்குத் தலைவர் நம் உடைமாற்றும் அறைக்கு வந்தார். கூடவே அந்தப் பழைய கம்பவுண்டர், கையில் பெட்டி. "ஒரு ஊசி. தொண்ணூறு நிமிஷம் தாங்கும். அப்புறம் அவன் ஆறு மாசம் படுத்துக்கட்டும், யாரு கேக்கப்போறா?" என்றார். ஒட்டகம் பேன்ட்டைச் சுருட்டிக் காலை நீட்டிவிட்டான். "போடுங்கண்ணே, நான் தாங்கிக்குவேன்" என்றான். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நான் குறுக்கே போய் நின்றேன். விதி என்று சொன்னேன். அப்போது தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னய்யா விதி? உன் தம்பி தானாக் கேட்டு ஊசி போட்டுக்கிட்டு ஆடலையா? அன்னிக்கு நாம ஜெயிக்கலையா?"

பதினாறு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நீ ஒரு கதை, தம்பி. வலியை மறைத்துக்கொண்டு கிளப்பைக் காப்பாற்றினவன். அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஒட்டகம் காலை நீட்டினான்.

"அவன் கேக்கல. வேணாம்னு சொன்னான். நான்தான் புடிச்சு உக்காரவச்சேன்" என்றேன்.

முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய். ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, எழுதும்போது கை கூசவில்லை. அன்று நீ அந்த மூலை பெஞ்சில் இருந்தாய். "உள்ள என்னமோ கழண்ட மாதிரி இருக்குண்ணா, வேணாம்ணா" என்று இரண்டு தடவை சொன்னாய். நடிக்காதே, என் மானத்தை வாங்காதே என்று நான் சொன்னேன். கம்பவுண்டர் ஊசியை ஏற்றும்போது உன் தோளை அமுக்கிப் பிடித்திருந்தது என் கை. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். உன்னை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதை அந்த உயரத்திலிருந்து பார்த்தேன், இறங்கி வரவில்லை. அடுத்த வருடமே கிளப் ஒரு டிவிஷன் இறங்கிவிட்டது. அந்த ஒரு வருடத்துக்குத்தான் உன் கால்.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதபோது, அவனேதான் கேட்டு இறங்கினான் என்று சொன்னேன். நீ கட்டிலில் முழித்துக்கொண்டுதான் இருந்தாய். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஒட்டகத்தை இறக்கவில்லை. எண்பத்தாறாவது நிமிடம் கார்னரில் வந்த பந்தை எதிராளி தலையால் கோலுக்குள் தள்ளினான். ஒட்டகம் இருந்திருந்தால் அது அவன் பந்து. ஒன்றுக்குப் பூஜ்யம், நாலாம் டிவிஷன். பிள்ளைகள் தரையில் படுத்து அழுதார்கள். வெளியே வரும்போது யாரோ எறிந்த கல் உடைமாற்றும் அறை ஜன்னலை உடைத்தது.

மறுநாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "வலிக்குதுன்னு உன்கிட்ட சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னான்மா என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றோடு பதினேழு நாள். நான் உள்ளே வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அண்ணி நடுவில் கிடந்து அல்லாடுகிறாள்.

கமிட்டி என்னை நீக்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். காயம்பட்டவன் இறங்கக் கூடாது என்ற விதியையும் எடுக்கப் பார்த்தார்கள். ஓட்டெடுப்பில் ஆறுக்கு ஐந்து, விதி தப்பிவிட்டது. போன வாரம் பெரிய மழை. மைதானத்தில் தண்ணீர் நிற்கவில்லை, பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒட்டகம் நாற்காலி போட்டுக் கட்டுக் காலை நீட்டிக்கொண்டு பிள்ளைகளை ஓடவைக்கிறான். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.

நான் சொன்னது நிஜம்தானா என்று அம்மா உனக்குப் போன் செய்து கேட்பாள். நீ மழுப்புவாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் தம்பி. எங்கே வலித்தது, எப்படி வலித்தது, நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் அவளிடம் சொல். சொல்லும்போது அழுகை வந்தால் அழு. இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியது போதும்.

நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அண்ணன்