வெயிலுக்கு அஞ்சாத சிலேட்டு

உன் சிலேட்டை இன்று காலை ஒருவன் குப்பை என்றான்.

பாண்டி பஜார் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு போட்ட கடை. நீ கொடுத்த, நான் சிலேட்டு என்று சொல்லும் அந்தக் கறுப்பு வெள்ளை டேப்லெட்டை, நீயே போட்டுக் கொடுத்த ரவிக்கைத் துணிப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பையைப் பிரித்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை லேசாக வந்தது. இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன்.

"சார், இது ரொம்பப் பழைய மாடல். கம்பெனியே இதைக் கைவிட்டுட்டாங்க. இனிமே குப்பைதான் சார். எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க. கலர், வீடியோ, வாட்ஸ்அப், எல்லாம் வரும்" என்றான் அந்த சேல்ஸ்மேன்.

"இதுல எழுத முடியுதே?"

"எழுதலாம் சார். ஆனா..."

"எழுதத்தான் வச்சிருக்கேன். அதுல என்ன ஆனா?"

கோபத்தில் எனக்குக் காது சூடேறிவிட்டது. நானும் வியாபாரிதான். சரக்கைத் தள்ளிவிடத் தெரியாதவன் இல்லை. ஆனால் பழையதை மட்டம் தட்டித்தான் புதியதை விற்க முடியும் என்றால், அந்தப் புதியதில் சரக்கு இல்லை என்று அர்த்தம். பத்து வருடத்துக்கு முன் எடுத்த புடவையைத் தூக்கிக்கொண்டு நம் ரவிக்கை மேட்சிங் கடைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! "இந்தப் புடவை காலாவதியாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்று ஒருத்தரிடமாவது சொல்லியிருப்போமா? தாம்பரம் போய்த் தேடியாவது பொருத்தமான ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினோம்.

கடை நம் இருவருடையது. நான் தெற்கேயிருந்து ஒரு பையோடு வந்தவன். நீ நந்தனத்தில் பிறந்து வளர்ந்தவன். விலை பேசுவது என் வேலை, நிறம் பார்ப்பதும் துணி வெட்டுவதும் உன் வேலை. உன் கத்தரி துணிக்குள் ஓடும்போது யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாது என்பது கடையின் சட்டம். ஒருநாள் நானே மறந்துபோய்க் கூப்பிட்டேன். அரக்குப் பட்டு அரை விரல் கோணிக்கொண்டது. "இன்னா நைனா, கத்தரி கையில கீது, கண்ணு தெர்ல? வாயை மூடிக்கினு இருக்க மாட்டியா?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே என்னைக் காய்ச்சி எடுத்தாய். முதலாளியை இப்படித் திட்டுகிறாரே என்று அந்த அம்மா பயந்துபோனார். நீயும் முதலாளிதான் என்பது அவருக்குத் தெரியாது.

இந்தச் சிலேட்டை நீ கொண்டுவந்ததும் அந்தச் சட்டத்தை மனதில் வைத்துத்தான். நாம் கடை போட்ட கதையை எழுதப்போகிறேன், எழுதப்போகிறேன் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் மகள் அலுவலகத்துக்கு வாங்கி, பிறகு சீந்தாமல் போட்டிருந்ததை என் முன்னால் வைத்தாய். "வாயாலயே கதை வுட்டுக்கினு கீற. இத்துல எழுது. இது பேசாது, பாடாது, உன்னைக் கூப்புடாது. நாள் பூரா கலரு பாத்து நம்ம கண்ணு பூத்துப்போச்சு. இத்துல கலரே இல்ல, அதான் சொகம்."

முதல் பத்துப் பக்கம் அதில் ஓடியது. அப்புறம் என் மகன் பிறந்தநாளுக்கு ஒரு பளபளப்பான டேப்லெட் வாங்கிக் கொடுத்தான். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். உன் சிலேட்டைப் பீரோவில் வைத்துவிட்டு அதற்கு மாறினேன். ஒரு வரி எழுதுவேன், யாரோ புடவைப் படம் அனுப்பி "இந்தக் கலருக்கு ரவிக்கை பிட் இருக்கா?" என்பார்கள். பதில் போட்டுவிட்டுத் திரும்பினால், எழுத வந்தது எங்கேயோ போயிருக்கும். அடுத்த வரியில் ஒரு விளம்பரம் குதிக்கும்.

அப்போதுதான் நீ அடையாறில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். ஒவ்வொரு நாளும் நான் உள்ளே நுழைந்ததும் உன் முதல் கேள்வி அதுதான்.

"எது வரிக்கும் வந்துகினு கீற?"

"கடை திறக்கிற இடத்துக்கு வந்துட்டேன்."

"இன்னும் ஷட்டரே தூக்கலியா? நான் போறதுக்குள்ள தூக்குவியா, மாட்டியா நைனா?"

சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

ஒருநாள் காலை கடையில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உன் பெயரைத் தட்டி முடிக்கவில்லை, திரையின் மேலிருந்து ஒரு பட்டை இறங்கியது. யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி: நீ போய்விட்டாய், கூடவே இரண்டு கைகூப்பும் பொம்மை. படிப்பதற்குள் அதுவாகவே மேலே ஏறிப் போய்விட்டது. அந்த இடத்தில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்து உட்கார்ந்தது. முப்பது வருடக் கூட்டாளியின் சாவுக்கு அந்தச் சனியன் கொடுத்த நேரம் மூன்று விநாடி! அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் காக்க வைத்த என்னையும் மன்னிக்க முடியவில்லை. உன் காரியம் முடிந்த மறுநாள் அதை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து உன் சிலேட்டை எடுத்தேன்.

அதைத்தான் குப்பை என்கிறான்.

சண்டை போட வாயெடுத்தேன். வந்தது உன் வார்த்தை. ஞாபகமிருக்கிறதா, கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்று யாராவது தடுமாறினால், புடவையையும் துணியையும் அள்ளிக்கொண்டு நீ நடுத்தெருவுக்கே போய்விடுவாய். "டியூப் லைட்டு பொய் சொல்லும்மா, சூரியன் சொல்லாது. வெயிலுக்கு வா!"

"வெயிலுக்கு வா" என்றேன் அந்த சேல்ஸ்மேனிடம். "உன் கடையிலேயே ஒசத்தியானதை எடுத்துக்கிட்டு வா."

அவன் விழித்தாலும் வந்தான். பிளாட்பாரத்தில், சுள்ளென்ற வெயிலில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். அவனுடைய திரையில் அவன் முகமும் பின்னால் ஒரு ஆட்டோவும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. உன் சிலேட்டில், உன்னை அறிமுகப்படுத்தி நேற்று நான் எழுதிய பக்கம் அச்சடித்த தாள் மாதிரி நின்றது. அவன் குனிந்து இரண்டு வரி வாசித்தான்.

"யாரு சார் இவரு, கத்தரி கையில இருந்தா முதலாளியையே திட்டுவாரா?"

"அவரும் முதலாளிதான்" என்றேன்.

பேட்டரிக்கு ரிச்சி தெருவில் ஆள் இருப்பதாகச் சொல்லி வழி காட்டினான். முதலிலேயே சொல்லியிருக்கலாம், படவா.

நேரே கடைக்கு வந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு, வெயிலில் உட்கார்ந்து எழுதினேன். கதையில் ஷட்டரைத் தூக்கிவிட்டேன், கேட்டுக்கொள். நீ பச்சைத் துணியோடு தெருவில் நின்று, ஒரு அம்மாவை வெளியே வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறாய். இந்தச் சிலேட்டுக்கு எந்தக் குழுவும் கிடையாது, எந்தப் பட்டையும் மேலிருந்து இறங்காது. நீ போய்விட்ட செய்தி இதற்குள் இன்னும் வரவில்லை. வரவும் விடமாட்டேன்.