புஜ்ஜிக்குத் தைலம் வேண்டாம்

ஏங்க,

செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

நம் பூனைக்கு மூக்கடைப்பு இன்னும் விடவில்லை. வாசனை தெரியாமல் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறது. பாத்ரூமில் பக்கெட் நிறைய வெந்நீர் பிடித்து, கதவைச் சாத்தி, புஜ்ஜியை மடியில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் உட்காருங்கள். பிறகு மீனைச் சூடாக்கி வையுங்கள்.

தைலம் பூனைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் நேற்று உங்களிடமிருந்து டப்பாவைப் பிடுங்கினேன். ஆனால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மூக்கண்டப்பள்ளி ஒற்றை அறையில், நம் முதல் மார்கழிக் குளிரில், எனக்குத் தடவிய அதே கைதானே! "இழுத்து மூச்சு வுடு சுமா, செரியாப் போயிரும்" என்பீர்கள்.

சுமலதா

பி.கு.: டப்பாவை எறியவில்லை. என் தலையணைக்கடியில் இருக்கிறது. காலையிலிருந்து எனக்கும் மூக்கடைப்பு.